டயலைச் சுற்றினால் ரேடியோ பாடும்

போன ஜனவரியில் ஒரு காலை. அப்பா ஸ்வெட்டரும் மங்கி குல்லாவுமாக வந்து உட்கார்ந்து, கறுப்பு டெலிபோனில் 7-ஐச் சுற்றினார். ரேடியோ முதலில் மூன்றாவது நிலையத்துக்குப் போனது. அங்கே யாரோ வணக்கம் சொல்லி முடிப்பதற்குள் நான்காவதுக்குத் தாவி, அங்கேயே நின்றுகொண்டது. மறுபடி 7. மறுபடியும் 3, உடனே 4. அப்பா என்னைத் திரும்பிப் பார்த்து, "ராங் நம்பர்டா" என்றார்.

பத்து மணிக்கு மேல் ஜன்னலில் வெயில் விழுந்ததும் அதே டயல் சொன்ன பேச்சைக் கேட்டது. 7 என்றால் 7. மறுநாள் காலை பழையபடி 3, 4. இந்த வியாதி என்னவென்று கண்டுபிடிக்க எனக்கு ஒரு வாரம் ஆனது. அதைச் சொல்ல வேண்டுமென்றால் கொஞ்சம் முன்னாலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

எங்கள் வீடு கோத்தகிரியில், கிழக்குச் சரிவில் இருக்கிறது. பனிமூட்டம் இல்லாத இரவில் கீழே மேட்டுப்பாளையம் விளக்குகள் தெரியும். எஃப்.எம். அலை கிட்டத்தட்ட பார்வைக் கோட்டில் போகிற சமாசாரம். அதனால் மலை குறுக்கே நிற்காத எங்கள் திண்ணையில் கோவை நிலையங்கள் எல்லாம் தெளிவாகக் கிடைக்கும், ஊட்டி வானொலியும் வரும். அப்பா தொலைபேசித் துறையில் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். கம்பம் கம்பமாக ஏறின கை இப்போது லேசாக நடுங்குகிறது. விரல் நுனி காய்ந்துபோய், டச் போன் அவர் தொடுவதைத் தொட்டதாகவே எடுத்துக்கொள்வதில்லை. புது ரேடியோ ஒன்று வாங்கித் தந்தேன். கடுகு சைஸ் பட்டன்கள். ஒரு வாரத்தில் அது அலமாரிக்குப் போய்விட்டது.

அலமாரியில் அதற்குப் பக்கத்தில்தான் பழைய டயல் போன் இருந்தது. பெங்களூரு ஐ.டி.ஐ. தயாரிப்பு, செங்கல் கனம். இணைப்பு போய்ப் பல வருஷமாகிறது. அப்பா அதைத் துடைத்து வைக்கும்போதெல்லாம் பழக்கதோஷத்தில் ஒரு நம்பர் சுற்றிப் பார்ப்பார், கண்ணால் பார்க்காமலே. அந்த விரலுக்கு இந்த டயலை அத்தனை வருஷமாகத் தெரியும். எனக்குத்தான் தெரியாது. சரி, நாமே கற்றுக்கொள்வோம், டயலைச் சுற்றினால் ரேடியோ நிலையம் மாறட்டும் என்று உட்கார்ந்தேன்.

டயலைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு 0-வில் விரல் விட்டுச் சுற்றி, மெதுவாக விடாமல் சட்டென்று விட்டுப் பாருங்கள். பின்பக்கம் குட்டியாக ஒரு கவர்னர் சுழலும். இரண்டு சிறு எடைகள் வெளியே விரிந்து சுவரில் உரசி, வேகத்தைப் பிடித்து வைக்கும். அந்த 'கிர்ர்ர்' சத்தம் அதுதான். பக்கத்தில் இரண்டு ஜோடி பித்தளைத் தகடுகள். ஒரு ஜோடி சும்மா இருக்கும்போது ஒட்டியிருக்கும். டயல் திரும்பி வரும்போது எண்ணுக்கு ஏற்றபடி அத்தனை தடவை திறந்து மூடும். 5 என்றால் ஐந்து தடவை, 0 என்றால் பத்து. இன்னொரு ஜோடி, டயல் தன் இடத்தை விட்டு நகர்ந்ததிலிருந்து திரும்பி வந்து நிற்கும் வரைக்கும் மூடியே இருக்கும். சுற்றும்போது டொக் டொக் என்று காதில் அறையாமல் இருக்கத்தான் அதை வைத்தார்கள். இந்த இரண்டாவது ஜோடியை நான் அப்போது சட்டை பண்ணவில்லை. அதற்கான தண்டனைதான் ஜனவரியில் கிடைத்தது.

தகடு ஒரு தடவை திறந்து மூடுவது ஒரு துடிப்பு. வினாடிக்குப் பத்து துடிப்பு என்பது கணக்கு. இந்த வேகம் யாருடைய விருப்பத்துக்கும் வைத்ததல்ல. அமெரிக்காவில் பிணம் அடக்கம் செய்யும் தொழில் பார்த்த ஸ்ட்ரோஜர் என்பவர் 1891-இல் தானியங்கி டெலிபோன் எக்ஸ்சேஞ்சுக்கு காப்புரிமை வாங்கினார். அந்த வழியில் வந்த எக்ஸ்சேஞ்சுகளில் ஒவ்வொரு துடிப்புக்கும் ஒரு இரும்புக் கை ஒரு படி நகரும். கை நகர்வதற்கு நேரம் கொடுக்க வேண்டுமே, அதற்குத்தான் இந்த வேகம். அப்பாவுக்கு ஸ்ட்ரோஜர் தெரியாது. ஆனால் டயலைப் பார்த்ததும், "பூஜ்யத்த சுத்தி விடு, ஒரு செகண்டுல வந்து நிக்கணும். நின்னா டயல் நல்லா இருக்குன்னு அர்த்தம்" என்றார். நின்றது.

நிரல் எழுதி ஓட்டும் குட்டிக் கம்ப்யூட்டர் பலகையான ஆர்டுயினோ நானோ ஒன்று, ஆர்.டி.ஏ. 5807 எஃப்.எம். மாட்யூல் ஒன்று, சின்ன ஆம்ப்ளிஃபயர், ஸ்பீக்கர். மாட்யூல் 3.3 வோல்ட், நானோ 5 வோல்ட், நடுவில் லெவல் கன்வெர்ட்டர் போட்டேன். ஏரியலுக்கு 75 சென்டிமீட்டர் வயர், அது எஃப்.எம். அலைநீளத்தில் கால் பங்கு. இதெல்லாம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை. டயல்தான் எட்டு மாசம் இழுத்தது.

முதல் கோளாறு வைகாசியில். 5 சுற்றினால் 6 வரும், சில சமயம் 7. தகடு மூடும்போது ஒரே தடவையில் ஒட்டாமல் ஓரிரு மில்லி வினாடி துள்ளும். அந்தத் துள்ளலையும் நானோ எண்ணிவிடுகிறது. ஆர்டுயினோவோடு வரும் மாதிரி நிரல்களில் பட்டன் துள்ளலுக்கு ஒன்று இருக்கிறதே, அதை அப்படியே எடுத்து ஒட்டினேன். இப்போது எதைச் சுற்றினாலும் 1. 9-ஐச் சுற்றினாலும் 1. கொஞ்ச நேரம் மண்டையைச் சொறிந்த பிறகுதான் புரிந்தது. அந்த மாதிரி நிரல் 50 மில்லி வினாடி அசையாமல் இருந்தால்தான் நிலை மாறியதாக ஒப்புக்கொள்ளும். டயலில் ஒரு துடிப்புக்கு 100 மில்லி வினாடி, அதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு திறந்தும் ஒரு பங்கு மூடியும் இருக்கும். திறந்திருப்பதை அது ஒப்புக்கொண்டது. மூடுவது 33 மில்லி வினாடிதான், அதை ஒப்புக்கொள்ளவேயில்லை. ஆக மொத்தம் ஒரே ஒரு நீளத் துடிப்பு. 50-ஐ 10 ஆக்கினேன், சரியாயிற்று. பட்டனுக்கு எழுதினதை டயலுக்கு மாட்டியது என் தப்பு.

இரண்டாவது கோளாறு ஐப்பசி மழையில். நீலகிரியில் தென்மேற்குப் பருவமழை மேற்குப் பக்கத்தை நனைக்கும், எங்கள் பக்கத்துக்கு வடகிழக்குதான் கணக்கு. வாரக்கணக்கில் மூட்டம், துவைத்த துணி காயாது, தீப்பெட்டி பற்றாது. டயலும் நமுத்துப்போனது. 9 சுற்றினால் 8, சில நாள் ஒன்றுமே இல்லை. தகடு பாசி பிடித்த மாதிரி மங்கியிருந்தது. உப்புத்தாளை எடுத்தேன். அப்பா கையைப் பிடித்துக்கொண்டார். "தேய்ச்சே, அத்தோட போச்சு. விசிட்டிங் கார்டு இருக்கா?"

கார்டை ஒரு விரல் அகலத்துக்கு வெட்டி, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்து, மூடிய தகடுகளுக்கு நடுவில் விட்டு மெல்ல இழுத்தார். கறுப்பாக ஒரு கோடு வந்தது. நான்கைந்து தடவை இழுத்ததும் கார்டு வெள்ளையாகவே வந்தது. பிறகு என்னிடம் கேட்டார்: "இதுல எவ்வளவு கரண்ட் விடுற?"

கணக்குப் பார்த்தால் கால் மில்லி ஆம்பியர்கூடத் தேறவில்லை. நானோவுக்குள்ளேயே இருக்கும், பின்னை 5 வோல்ட்டுக்கு இழுத்துப் பிடிக்கும் புல்-அப் ரெசிஸ்டர் 20-இலிருந்து 50 கிலோ ஓம். இந்தத் தகடுகள் எக்ஸ்சேஞ்சின் 48 வோல்ட் பாட்டரியில், பல மில்லி ஆம்பியரில் வேலை பார்த்தவை. அந்தக் கரண்ட் போகிற போக்கிலேயே மேலே படியும் மெல்லிய துருப் படலத்தை உடைத்துக்கொண்டு போகும். என்னுடைய கொசுக் கரண்டுக்கு அந்தப் படலமே சுவர். வெளியே 1 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்றை 5 வோல்ட்டுக்குப் போட்டேன், 5 மில்லி ஆம்பியர் ஓடியது. அந்த மழை முழுக்க அதற்கப்புறம் ஒரு எண்ணும் தவறவில்லை. பழைய ஸ்விட்ச், பழைய ரிலே, பழைய டயல் எதை எடுத்தாலும் இப்போது நான் முதலில் கேட்கிற கேள்வி இதுதான்: இது முன்னே எவ்வளவு கரண்ட் தின்று வளர்ந்தது?

மூன்றாவது, அந்த ஜனவரி. துடிப்புகளுக்கு நடுவில் எத்தனை மில்லி வினாடி என்று லேப்டாப்பில் அச்சிட்டுப் பார்த்தேன். மதியம் 7 சுற்றினால் எல்லாம் 98, 101, 103 என்று சீராக வந்தது. விடியற்காலை வெளியே எட்டு டிகிரி இருக்கும்போது வந்தது இது: 121, 134, 163, 139, 132, 127. நிரலில் நான் எழுதியிருந்த விதி, கடைசித் துடிப்புக்குப் பிறகு 150 மில்லி வினாடி சும்மா இருந்தால் எண் முடிந்தது என்று. அந்த 163-ஐப் பாருங்கள். மூன்று துடிப்பு ஆனதும் எண் முடிந்ததென்று நினைத்து 3-க்குப் போனது. மிச்சம் நான்கு, அதனால் 4. கவர்னரில் இருந்த பழைய கிரீஸ் குளிரில் கெட்டிப்பட்டு, டயல் நடுவழியில் தயங்கியிருக்கிறது. சமவெளியில் இருந்திருந்தால் இது எனக்குத் தெரிந்தே இருக்காது.

150-ஐ 250 ஆக்கிவிட்டுத் தூங்கியிருக்கலாம், ஆக்கியும் பார்த்தேன். ஆனால் ஒவ்வொரு தடவையும் சுற்றி முடித்து ரேடியோ யோசிக்கிற மாதிரி இருந்தது. அப்போதுதான் நான் ஒதுக்கிவைத்த இரண்டாவது ஜோடித் தகடு ஞாபகம் வந்தது. அது திறந்தால் டயல் வீட்டுக்கு வந்துவிட்டது என்று அர்த்தம், எண் முடிந்தது. மெதுவாக வந்தாலும் வேகமாக வந்தாலும் கவலையில்லை. இன்னொரு பின்னில் அதை இணைத்ததும் நேரக் கணக்கே தேவைப்படவில்லை. நிரலிலிருந்து பத்து வரி குறைந்தது. கிரீஸையும் சுத்தம் செய்து, தையல் மிஷின் எண்ணெய் ஊசி முனையில் ஒரு சொட்டு விட்டேன். கவர்னர் எடைகள் உரசும் இடத்தில் எண்ணெய் படக் கூடாது, பட்டால் பிடிமானம் போய் டயல் தறிகெட்டு ஓடும்.

ஒரு எச்சரிக்கை. லைன் உயிரோடிருக்கும் போனைத் திறந்து இந்த வேலையெல்லாம் செய்யாதீர்கள். சும்மா இருக்கும்போது 48 வோல்ட்தான், ஆனால் யாராவது கூப்பிட்டால் மணியடிக்க வரும் மின்சாரம் 75 வோல்ட்டுக்கு மேல். அப்பா கம்பத்தின் உச்சியில் அதை வாங்கியிருக்கிறார்.

நிலையம் மாற்றியாகிவிட்டது, சத்தம் கூட்டக் குறைக்க என்ன செய்வது? அதற்கு மவுஸ். காயலான் கடையில் பாய் பழைய மவுஸ்களை வாலோடு வால் கட்டித் தொங்கவிட்டிருப்பார், கிலோ கணக்கு. ஸ்க்ரோல் சக்கரத்தின் பக்கத்தில் மூன்று கால் உள்ள ஒரு குட்டி டப்பா இருக்கும். சக்கரம் உருளுவதை மின்சாரத் துடிப்பாக மாற்றும் என்கோடர் அதுதான். மல்டிமீட்டரை பீப் சத்தத்தில் வைத்து, ஒரு முனையைப் பொதுக் காலிலும் மற்றதை இன்னொரு காலிலும் வைத்துச் சக்கரத்தை மெல்ல உருட்டினால் பீப், நிசப்தம், பீப் என்று வரும். எது பொதுக் கால் என்பதைச் சோதிக்காமல் நம்பாதீர்கள். மற்ற இரண்டு கால்களும் ஒரே நேரத்தில் மாறாது. ஒன்று முந்தும், ஒன்று பிந்தும். எது முந்துகிறது என்பதை வைத்துத்தான் எந்தப் பக்கம் உருட்டுகிறோம் என்று தெரிகிறது. என்னுடையதில் கீழே உருட்டினால் சத்தம் கூடியது. இரண்டு வயரை இடம் மாற்றிப் பற்றவைத்தேன்.

இங்கே நான் பட்டுத் தெரிந்துகொண்டது ஒன்று. என்கோடரைத் தனியாகப் பிடுங்காதீர்கள். அதன் துவாரம் அறுகோணம், அதற்கு ஏற்ற அச்சு கடையில் கிடைக்காது. சக்கரம், சக்கரத்தைத் தாங்கும் பிளாஸ்டிக், என்கோடர் மூன்றையும் பலகையோடு சேர்த்து ஹேக்ஸா பிளேடால் வெட்டி எடுங்கள். போனின் உடம்பில் ஓட்டை போட எனக்கு மனசு வரவில்லை, பழைய பேக்லைட் விரிசல் விட்டால் ஒட்டவைப்பது கஷ்டம். அடியில் சில்வர் ஓக் பலகையில் பெட்டி செய்து, பக்கவாட்டுப் பிளவில் சக்கரம் பாதி எட்டிப் பார்க்கும்படி வைத்தேன். ரேடியோ மாட்யூலில் சத்தம் 0 முதல் 15 வரை, ஒரு கிளிக்குக்கு ஒரு படி. கண் பார்க்க வேண்டியதில்லை, விரலே எண்ணிக்கொள்ளும்.

அதற்கும் முந்தைய, உருண்டை வைத்த மவுஸ் கிடைத்தால் விடாதீர்கள். உள்ளே பல் பல்லாக வெட்டிய இரண்டு சக்கரங்கள், ஒரு பக்கம் இன்ஃப்ராரெட் எல்.இ.டி., மறுபக்கம் ஒளியைப் பிடிக்கும் மூன்று கால் சென்சார். உரசும் தகடே கிடையாது, அதனால் ஐப்பசி மூட்டம் அதை ஒன்றும் செய்யாது. எல்.இ.டி.க்கு 330 ஓம் போதும், சென்சார் கால்களுக்கு 10 கிலோ ஓம். நான் ஒன்றை ரேடியோ டியூனிங் குமிழாகச் செய்து ஜன்னலில் வைத்தேன். வெயில் வந்ததும் தானாகவே நிலையம் ஓடியது. சூரிய ஒளியிலும் இன்ஃப்ராரெட் நிறைய உண்டு என்பது பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். கறுப்பு டேப் சுற்றினதும் அடங்கியது.

ரேடியோ பாட ஆரம்பித்ததும் அம்மா கேட்டார், "அவருக்கு மட்டும் செஞ்சு குடுத்தே, எனக்கு?" அம்மாவுக்கு வேண்டியது ரேடியோ அல்ல. எங்களுக்குக் கழிப்பறை வீட்டுக்கு வெளியே, தேயிலைத் தோட்டத்தை ஒட்டி. ராத்திரியில் கரடி வரும், காட்டெருமை வரும். கதவைத் திறப்பதற்கு முன்னால் தோட்ட ஓரத்தை வெளிச்சம் போட்டுப் பார்க்க வேண்டும். ஜன்னலிலிருந்து டார்ச் அடித்தால் கண்ணாடியே பளிச்சென்று நம் கண்ணில் திருப்பி அடிக்கும்.

பாய் கடையில் 15 பின் உள்ள பழைய கம்ப்யூட்டர் ஜாய்ஸ்டிக் இருந்தது. உள்ளே 100 கிலோ ஓம் வால்யூம் கன்ட்ரோல் மாதிரி இரண்டு, மேலே கீழே ஒன்று, இடம் வலம் ஒன்று. கூரை விளிம்பில் எல்.இ.டி. டார்ச் தலையை சொன்ன கோணத்துக்குத் திரும்பி நிற்கும் இரண்டு சின்ன சர்வோ மோட்டாரில் ஏற்றி, உள்ளே ஜாய்ஸ்டிக்கால் திருப்புவது என் யோசனை. முதல் ராத்திரி இடது பக்கம் திருப்பினால் வெளிச்சம் கொஞ்சம் தலையையும் ஆட்டியது. வோல்ட்டை அளக்கும் நானோவின் அனலாக் பின்னுக்கு 10 கிலோ ஓமுக்குள் இருந்தால்தான் சுகம். 100 கிலோ என்றால் முந்தைய பின்னில் படித்த அளவின் வாசனை அடுத்ததிலும் ஒட்டிக்கொள்ளும். ஒவ்வொரு பின்னிலும் 0.1 மைக்ரோ ஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்று, நிரலில் ஒவ்வொன்றையும் இரண்டு தடவை படித்து முதலாவதை எறிந்துவிடுவது, இந்த இரண்டில் தலையாட்டம் நின்றது. இன்னொன்று, ஜாய்ஸ்டிக்கில் வால்யூம் கன்ட்ரோலின் இரண்டு காலில்தான் வயர் இருக்கும். மூன்றாவது காலிலும் வயர் பற்றவைத்தால்தான் ஒழுங்காக அளக்கலாம். அப்போதும் நானோ படிக்கும் அளவு 0 முதல் 1023 வரை முழுசாக வராது. என்னிடம் இருப்பது 140-இலிருந்து 870 வரை. நிரல் ஆரம்பிக்கும்போது நான்கு மூலைக்கும் தள்ளி அளவெடுத்துக்கொள்வது நல்லது.

சர்வோவுக்கு நானோவிலிருந்தே மின்சாரம் கொடுத்த முட்டாள்தனத்தையும் செய்தேன். இரண்டும் ஒரே நேரத்தில் திரும்பினால் நானோ மயங்கி விழுந்து மறுபடி எழும். பழைய செல்போன் சார்ஜர் ஒன்றைத் தனியாக சர்வோவுக்குக் கொடுத்து, இரண்டின் கிரவுண்டையும், அதாவது மைனஸ் முனையையும், சேர்த்துக் கட்டினேன். கிரவுண்டைச் சேர்க்க மறந்தால் சர்வோ சாமியாடும்.

முதல் வாரமே அம்மா நடுராத்திரி எழுப்பினார். வேலியோரம் இரண்டு கண் மின்னுகிறதாம். ஜாய்ஸ்டிக்கை நகர்த்தாமல் பிடித்துக்கொண்டிருந்தார், கை உறைந்துபோய். பக்கத்து வீட்டுப் பூனை. கரடி வந்ததும் பிறகு நடந்தது. அதன் மேல் வெளிச்சத்தை நிறுத்திவைக்காமல் மெல்ல விலக்கிவிட வேண்டும் என்பது அம்மாவே கண்டுபிடித்த விதி.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பழைய டி.வி. ரிமோட்டைப் பிரிக்கவே வேண்டாம். 38 கிலோ ஹெர்ட்ஸ் இன்ஃப்ராரெட் ரிசீவர் ஒன்றை நானோவில் வைத்தால் பெரும்பாலானவை அப்படியே பேசும். ரவுண்டு பின் கீபோர்டுக்கு, மின்சாரம் போக, கிளாக், டேட்டா என இரண்டே வயர், மலிவு, ஆனால் அத்தனை பட்டனை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்பதுதான் கேள்வி. பழைய ரேடியோ வால்யூமில் ஏ என்று போட்டிருந்தால் பெரும்பாலும் அளவெடுக்க ஆகாது, அது காதுக்குத் தகுந்தபடி வளைந்தது. பி என்றால் நேர்க்கோடு. உடைந்த செல்போனின் டச் ஸ்கிரீன் மேல் ஆசைப்பட்டு மூன்று மாதம் தொலைத்தேன். முடி கனத்தில் இருக்கும் அந்த ரிப்பனுக்கு என் கையும் பற்றாது, என் பற்றவைப்புக் கோலும் பற்றாது. கேமரா ஃபிளாஷ், குண்டு டி.வி., மைக்ரோவேவ் இவற்றைத் தொடுவதில்லை, பிளக் பிடுங்கிய பிறகும் உள்ளே கொல்லும் அளவு மின்சாரம் உட்கார்ந்திருக்கும். உப்பிய பாட்டரியைப் பாய் கடையிலேயே உள்ளே வைக்க மாட்டார்கள்.

மலைக்காரர்களுக்கு மட்டும் ஒன்று. பற்றவைத்த இடங்களின் மேல் நகப்பூச்சு தடவுங்கள், பச்சை பூக்காது. ஆனால் தகடு, வால்யூம், என்கோடர் பக்கம் அந்தத் தூரிகை போகக் கூடாது. ஷூ பெட்டியில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களைச் சேர்த்து வையுங்கள், நமுத்தால் அடுப்பு மேட்டில் ஒரு பகல் வைத்து மறுபடி போடலாம்.

போன மாதம் பாய் இன்னொரு டயல் போனை எனக்காக எடுத்துவைத்திருந்தார். வீட்டுக்குக் கொண்டுவந்ததும் அப்பா வாங்கி மடியில் வைத்து, 0-வில் விரல் விட்டுச் சுற்றி விட்டார். கண்ணை மூடிக்கொண்டு காதைக் கொடுத்தார். "ஒன்றே கால் செகண்டு" என்றார். அதற்குள் விசிட்டிங் கார்டைத் தேட ஆரம்பித்திருந்தார்.